92-இல் நடுங்கிய ஸ்டீயரிங்: 26,800 ரூபாய்க்கு நான் கற்றுக்கொண்டது

நான் கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மனைவிக்குச் சேலத்தில் பள்ளி ஆசிரியை வேலை. மகனும் அங்கேதான் படிக்கிறான். சனிக்கிழமை மாலை கிளம்பி, கணியூர், விஜயமங்கலம், வைகுந்தம் என்று மூன்று சுங்கச்சாவடிகளைக் கடந்து சேலம் போவதும், திங்கட்கிழமை விடியற்காலையில் அதே வழியில் திரும்புவதும்தான் என் வாரம். வாரத்துக்கு 330 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுகிறேன். கார் பழையது. முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கியபோது 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அவர் ஆசைப்பட்டு அலாய் வீல் மாட்டியிருந்தார். பார்க்க நன்றாக இருந்ததால் நானும் அப்படியே விட்டுவிட்டேன். அந்த அலாய் வீலின் நடுவில் இருந்த ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வளையத்தால் ஐந்து மாதம் தூக்கம் கெடும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஜூன் மாதத்தில் பின் டயர்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஒரு டயர் கடைக்குப் போய் இரண்டு புது டயர் போட்டு, நான்கு சக்கரங்களையும் இடம் மாற்றி, பேலன்சிங்கும் (சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்க ரிம்மில் ஈயத் துண்டு ஒட்டுவது) அலைன்மென்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது) செய்துகொண்டு திரும்பினேன். அடுத்த சனிக்கிழமை அவிநாசியைத் தாண்டிச் சாலை விரிந்ததும் வேகம் எடுத்தேன். 82-ஐ முள் தொட்டபோது ஸ்டீயரிங்கில் லேசாக ஒரு நமைச்சல். 92-இல் கை மணிக்கட்டு வரை நடுங்கியது. 100-ஐ நெருங்கினால் குறைந்தது. சாலைதான் சரியில்லை போலும் என்று முதலில் நினைத்தேன். பெருந்துறை தாண்டிய பிறகும் நிற்கவில்லை. அப்போது நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வண்டியை நிறுத்திப் பார்க்காமல் 75-க்குக் கீழே இறக்கிக்கொண்டு அப்படியே சேலம் வரை ஓட்டிவிட்டேன். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு திடீரென்று நடுக்கம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்பதைத்தான். ஓரமாக நிறுத்தி, வீல் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டாக அழுத்திப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். என் வண்டியில் நட்டுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. அது என் அதிர்ஷ்டம். மறுநாள் காலையில்தான் அதைப் பார்த்தேன். அப்படியே டயரின் பக்கச் சுவரில் எங்காவது வீக்கம் இருக்கிறதா என்றும் கையால் தடவிப் பாருங்கள். வீக்கம் இருந்தால் அந்தச் சக்கரத்தில் ஊருக்குப் போக வேண்டாம், ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள்.

திரும்பி வந்து அதே டயர் கடையில் சொன்னேன். மறுபடியும் நான்கையும் கழற்றி பேலன்சிங் இயந்திரத்தில் மாட்டினார்கள். திரையில் இரண்டு பக்கமும் பூஜ்ஜியம். "பாருங்க சார், சக்கரத்தில் ஒன்றும் இல்லை. சஸ்பென்ஷனைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். போன வாரம்தான் பேலன்சிங் செய்தோம், நேற்றும் செய்தோம், திரையில் பூஜ்ஜியத்தைக் கண்ணாலும் பார்த்தோம், ஆகவே கோளாறு சக்கரத்தில் இல்லை. இந்த ஒரே எண்ணம்தான் என்னைப் பிறகு எல்லாக் கடைகளுக்கும் அலையவிட்டது. நடுக்கம் தொடங்கியதே சக்கரத்தைக் கழற்றி மாட்டிய மறுவாரம் என்பது என் கண் முன்னால் நின்றது. ஆனால் புதிதாகச் செய்த வேலையில் தவறு இருக்கும் என்று மனம் நம்ப மறுத்தது.

அடுத்து ஒரு மெக்கானிக். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையில் இருக்கும் ரப்பர்) வெடித்திருக்கிறது, டை ராட் எண்டில் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டில்) ஆட்டம் இருக்கிறது என்றார். கூலியோடு 7,800 ரூபாய். நியாயமாகச் சொன்னால் புஷ் வெடித்திருந்தது உண்மை, எனக்கே காட்டினார். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது நடுக்கம் 75-லேயே தொடங்கிவிட்டது. கேட்டதற்கு, "புதுப் பாகம், கொஞ்சம் ஓடினால் செட் ஆகிவிடும்" என்றார். 600 கிலோமீட்டர் ஓட்டினேன். ஒன்றும் செட் ஆகவில்லை. இன்னொரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து, இன்ஜினை உறுமவிட்டுப் பார்த்து, இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் போய்விட்டது என்றார். 6,400 ரூபாய். வண்டி நிற்கும்போது இருந்த லேசான உதறல் போனது. 92-இல் இருந்த நடுக்கம் இம்மியும் மாறவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்த 6,400 ரூபாயை மிச்சம் பிடித்திருக்கக்கூடிய சோதனையைச் சொல்லிவிடுகிறேன். நேரான, முன்னும் பின்னும் வண்டி இல்லாத சாலையில் நடுக்கம் வரும் வேகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியைத் தானாக உருளவிடுங்கள். இன்ஜினை அணைத்துவிடாதீர்கள், அணைத்தால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். இன்ஜின் சுற்று குறைந்த அந்த நொடியிலும் நடுக்கம் அப்படியே தொடர்ந்தால், இன்ஜினையும் மவுண்டிங்கையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். தேட வேண்டியது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பொருள்களில். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் உதறி, காலை எடுத்ததும் நின்றால், இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் உட்பக்க ஜாயிண்ட் மேல் சந்தேகம் போக வேண்டும். வெளிப்பக்க ஜாயிண்ட் என்றால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வரும். பிரேக்கைத் தொட்டால் மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். வேகத்தோடு ஒரு ஹூங்காரம் ஏறி, வளைவில் ஒரு பக்கம் சாயும்போது அது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட். அலைன்மென்ட் கோளாறு மட்டும் இப்படி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து போகும் நடுக்கத்தைக் கொடுப்பது அரிது. ஆனால் நான் போன ஒவ்வொரு கடையிலும் முதலில் நீட்டப்பட்டது அலைன்மென்ட் பில்தான்.

நடுக்கம் எங்கே தெரிகிறது என்பதும் ஒரு துப்பு. கையில், ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம். இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரம். நான் ஒரு தண்ணீர் பாட்டிலைப் பின் இருக்கையில் பெல்ட் போட்டு நிறுத்தி, தண்ணீர் எப்படி நடுங்குகிறது என்று பார்க்கச் சொல்லி மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "ஏங்க, இதற்கு ஒரு டாக்சி பிடித்திருந்தால் எப்போதோ ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்றாள்.

செப்டம்பரில் இன்னொரு டயர் கடைக்குப் போனேன். பழைய டயர்கள் இரண்டும் அலை அலையாகத் தேய்ந்திருக்கின்றன, மாற்றாமல் தீராது என்றார்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. என் பழைய டயர்களில் 2319 என்று இருந்தது. அதாவது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வயதாகிவிட்டது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு 10,600 ரூபாய் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு புறப்பட்டால் ஸ்டீயரிங் அமைதியாக இருந்தது. விஜயமங்கலம் வரை பாட்டுப் போட்டுக்கொண்டு போனேன். அதற்குப் பிறகுதான் கவனித்தேன்: நடுக்கம் கையிலிருந்து இடுப்புக்கு இறங்கியிருந்தது. இருக்கை உதறியது. அன்றைக்கு உண்மையாகவே அழுகை வந்தது. பணம் போனதைவிட, என் உடம்புதான் இல்லாததை உணர்கிறதோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. மெக்கானிக்குகள் ஊருக்குள் 50-இல் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லையே சார்" என்று சொல்லும்போதெல்லாம் அந்தச் சந்தேகம் ஒரு சுற்றுப் பெருத்தது. என்னோடு நெடுஞ்சாலைக்கு வந்து 92-இல் உட்கார்ந்து பார்க்க ஒருவரும் நேரம் ஒதுக்கவில்லை. டிரைவ் ஷாஃப்டை மாற்றிப் பார்ப்போம், 14,000 ஆகும் என்றார் ஒருவர். "மாற்றிப் பார்ப்போம்" என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன். அந்த ஒரு முறையாவது புத்தி வேலை செய்தது.

என் தொழில் கணக்கு எழுதுவது. வண்டிக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தேன். தேதி, ஓடிய கிலோமீட்டர், என்ன வேலை, எவ்வளவு பணம், அதற்குப் பிறகு நடுக்கம் எந்த வேகத்தில், எங்கே. அக்டோபரில் பவானி அருகே பின்பக்க இடது சக்கரம் பஞ்சர் ஆனது. பஞ்சர் கடையில் கழற்றி, ஒட்டி, மாட்டிக் கொடுத்தார்கள். பேலன்சிங் எல்லாம் கிடையாது. மறுநாள் இருக்கை உதறல் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஒரு பஞ்சர் எப்படி வைத்தியம் பார்க்கும்? அன்றிரவு நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தேன். ஒத்துவராத கணக்கைத் தேடும்போது ஒரு பக்கத்தில் இருந்து இன்னொரு பக்கத்துக்குக் கோடு போடுவோமே, அப்படி. சக்கரம் கழன்று மாட்டப்பட்ட ஒவ்வொரு முறையும் நடுக்கம் மாறியிருக்கிறது. ஒரு முறை கூடியிருக்கிறது, ஒரு முறை குறைந்திருக்கிறது, ஒரு முறை இடம் மாறியிருக்கிறது. லோயர் ஆர்ம் வேலைக்கும் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும், அப்போது கூடியது. சக்கரத்தைத் தொடாமல் நடந்த ஒரே பெரிய வேலை இன்ஜின் மவுண்டிங். அப்போது மட்டும்தான் நடுக்கம் துளியும் மாறவில்லை. ஆக, கோளாறு டயரிலும் இல்லை, சஸ்பென்ஷனிலும் இல்லை. சக்கரம் வண்டியில் உட்காரும் இடத்தில் இருக்கிறது.

மனைவியின் தம்பி சங்ககிரியில் லாரி ஆபீஸ் வைத்திருக்கிறான். அவனிடமும் இதே கார்தான். ஆனால் கம்பெனி கொடுத்த ஸ்டீல் ரிம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு வண்டிகளையும் அவன் ஷெட்டில் நிறுத்தி, அவன் சக்கரங்கள் நான்கையும் அவற்றின் நட்டுகளோடு என் வண்டிக்கு மாற்றினோம். சங்ககிரியிலிருந்து வைகுந்தம் வரை போய்த் திரும்பினேன். 80, 85, 92, 98. மேஜைமேல் ஓடுவதுபோல் ஓடியது. ஐந்து மாதத்தில் செய்த எல்லாச் சோதனைகளிலும் இதற்குத்தான் காசு செலவாகவில்லை, இதுதான் தீர்ப்பும் சொன்னது. உங்கள் உறவிலோ தெருவிலோ அதே மாடல் வண்டி இருந்தால், எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். டயர் அளவு ஒன்றா, இல்லாவிட்டால் வெளிச்சுற்றளவாவது ஏறக்குறைய சமமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது 165/80 ஆர்14-உம் 185/65 ஆர்15-உம். இரண்டின் விட்டமும் சுமார் 62 சென்டிமீட்டர்தான்.

திரும்பி வந்தபோது மைத்துனன் என் அலாய் வீல்களைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, இந்த ஒன்றில் மட்டும் நடு ஓட்டையில் ஒரு வளையம் இருக்கிறது. மற்ற மூன்றில் எங்கே?" என்றான். அதுவரை அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. சக்கரம் பூட்டப்படும் பாகமான ஹப்பில் நடுவே ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். என் வண்டியில் அதன் விட்டம் 54.1 மில்லிமீட்டர். கம்பெனி ஸ்டீல் ரிம்மின் ஓட்டையும் அதே அளவு. சரியாகக் கவ்வி உட்காரும். கடையில் வாங்கும் அலாய் வீலைப் பல மாடல்களுக்கும் பொருந்தட்டும் என்று பெரிய ஓட்டையோடு செய்கிறார்கள். என்னுடையதில் 67.1. சுற்றிலும் ஆறரை மில்லிமீட்டர் இடைவெளி. அதை நிரப்பத்தான் அந்த வளையம். முதல் உரிமையாளர் சரியாகவே போட்டிருந்தார். ஜூன் மாதம் சக்கரத்தைக் கழற்றியபோது மூன்று வளையங்கள் கழன்று விழுந்திருக்கின்றன, யாரும் கண்டுகொள்ளவில்லை.

வளையம் இல்லாவிட்டாலும் கூம்பு வடிவ நட்டுகள் சக்கரத்தை நடுவில் இழுத்து நிறுத்திவிடும் என்பார்கள். நிறுத்தும்தான், பொறுமையாகப் பூட்டினால். வளையமே இல்லாமல் நன்றாக ஓடும் வண்டிகளும் உண்டு. என் வண்டிக்கு நடந்ததோ வேறு. சக்கரத்தைத் தொங்கவிட்டு ஒரு நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் கடைசிவரை இறுக்கி, பிறகு அடுத்தது, அதற்கடுத்தது என்று பூட்டினார்கள். முதல் நட்டு இறுகும்போது சக்கரம் எந்தப் பக்கம் சரிந்திருந்ததோ அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் சரிந்ததால்தான் நடுக்கமும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இருந்தது. பேலன்சிங் இயந்திரம் சக்கரத்தை நடு ஓட்டை வழியாகக் கூம்பு வைத்துப் பிடிக்கிறது; அதன் கணக்கில் சக்கரம் சரியாக நடுவில்தான் சுழல்கிறது. அதனால் அங்கே பூஜ்ஜியம், வண்டியில் நடுக்கம்.

எவ்வளவு விலகினால் இவ்வளவு ஆட்டம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயரோடு சேர்த்துச் சக்கரம் சுமார் 16 கிலோ. அது அரை மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்தால், ரிம் விளிம்பில் 40 கிராம் ஈயம் கூடுதலாக ஒட்டியதற்குச் சமம். 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 13 முறை சுற்றுகிறது. அந்த வேகத்தில் அந்த அரை மில்லிமீட்டர், நொடிக்கு 13 முறை ஐந்து கிலோ விசையோடு ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். அப்படியானால் 100-இல் இன்னும் ஆட வேண்டுமே, ஏன் குறைந்தது? ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தள்ளினால்தான் உயரமாகப் போகும். அவசரப்பட்டு வேகமாகத் தள்ளினால் ஆட்டம் அடங்கிவிடும். சஸ்பென்ஷனுக்கும் ஸ்டீயரிங்குக்கும் அப்படிச் சொந்தத் தாளம் ஒன்று உண்டு. என் வண்டியில் அது 92-இல் பொருந்தியது.

வளையம் வாங்கும்போது ஹப்பின் வெளி விட்டத்தையும் ரிம் ஓட்டையின் உள் விட்டத்தையும் வெர்னியர் வைத்து அளந்துகொண்டு போங்கள். கண் மதிப்பு உதவாது. நான்கும் சேர்த்து எனக்கு 800 ரூபாய் ஆயிற்று. அலுமினியத்திலும் கிடைக்கிறது, அது ஹப்போடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் சக்கரத்தைக் கழற்றவே பாடாய்ப் படுத்தும் என்று பிளாஸ்டிக்கையே வாங்கினேன். மாட்டுவதற்கு முன் ஹப்பின் முகத்தில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தோம்; அதில் பொருக்கு நின்றாலும் சக்கரம் சாய்ந்துதான் உட்காரும். சக்கரம் தரையில் படாமல் ஜாக்கியில் நிற்கும்போதே நட்டுகளைக் கையால் திருகி, எதிரெதிராக மாற்றி மாற்றிப் படிப்படியாக இறுக்கி, பிறகு இறக்கி, வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் முடித்தோம். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை இறுக்கம் பார்த்தேன். இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் பூட்டும்போது பக்கத்திலேயே நிற்கிறேன். அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

முழுக்கக் குணமாகிவிட்டதா என்றால், இல்லை. 98-இல் மிக லேசாக ஒரு ரீங்காரம் மிச்சம் இருந்தது. நான்கில் ஒரு ரிம்மில் மட்டும் 85 கிராம் ஈயம் ஒட்டியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். சுழற்றிப் பார்த்தால் உள்விளிம்பு ஏதோ ஒரு பள்ளத்தில் அடிபட்டு வளைந்திருக்கிறது, வெளியிலிருந்து தெரியாது. இயந்திரம் எடையைச் சமன் செய்யும், கோணலை நிமிர்த்தாது. அதைப் பின்பக்கம் தள்ளிவிட்டேன். பணம் சேர்ந்ததும் மாற்ற வேண்டும். நோட்டில் கூட்டிப் பார்த்தேன்: முதல் அலைன்மென்ட் பேலன்சிங் 1,100, இரண்டாவது பேலன்சிங் 400, லோயர் ஆர்ம் 7,800, மவுண்டிங் 6,400, டயர் 10,600, கடைசிப் பேலன்சிங் 500. ஆக 26,800. நான்கு நாள் விடுப்பு தனி.

நவம்பரில் அந்த முதல் டயர் கடைப் பக்கம் போக நேர்ந்தது. சண்டை போடும் எண்ணத்தோடுதான் இறங்கினேன். அன்று என் சக்கரங்களைக் கழற்றிய பையனே இருந்தான். புது வளையம் ஒன்றைக் காட்டி, இதுபோல் மூன்று இங்கே விழுந்ததா என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே போய் ஒரு பெயின்ட் டப்பாவை எடுத்துவந்து மூடியைத் திறந்தான். டப்பா நிறைய கறுப்பு வளையங்கள். பெரிதும் சிறிதுமாக ஐம்பதாவது இருக்கும். "எந்த வண்டியுடையது என்று தெரியவில்லை சார். எறிய மனம் வராமல் போட்டு வைத்திருக்கிறேன்" என்றான். கிளறிப் பார்த்தேன். 67.1 – 54.1 என்று விளிம்பில் எழுதிய மூன்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அடியில் கிடந்தன.